மூணாறு, வட்டவடை மலைகளில் ஊசியிலை மரங்களின் நெருக்கடியை ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி வட்டவடைக்குப் போகும் வழியில் பைன் மரங்கள் கண்ணில் படாமல் போகாது. வாகமணிலும் உண்டு, எல்லைக்கு அந்தப் புறம் கொடைக்கானலிலும் உண்டு. பங்குனி மாதம் போனால் அவற்றில் சில பழுப்பேறி நிற்கும். உடனே குறிப்பேட்டில் "நோய்" என்று எழுதிவிடுவதுதான் இந்த ஆய்வில் முதலில் நடக்கும் பிழை. பழுப்பு ஒரு விளைவு. வறட்சி, உறைபனி, தீ, வேர்ப்பூஞ்சை, பட்டையுரிப்பு, வெறும் முதுமை, எல்லாமே அந்த ஒரே நிறத்தில்தான் முடியும். எது என்று பிரித்துச் சொல்ல ஒரே மரத்தை ஒரே முறையில் பல பருவங்கள் அளக்க வேண்டும். ஒரு நாள் போய் முந்நூறு மரங்களைப் பார்ப்பதைவிட, அறுபது மரங்களை இரண்டு ஆண்டு தொடர்வது பல மடங்கு பயன் தரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த எண்ணத்தில் அமைந்தவை. முதுகலை ஆய்வு மாணவர்களையும் வனத்துறை களப்பணியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் மரம் எது என்று தெரிய வேண்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த ஊசியிலைக் குடும்பத்து மரம் நிறம்பாலி ஒன்றுதான். தாவரவியல் பெயர் நாகெயா வாலிச்சியானா, பழைய நூல்களில் போடோகார்ப்பஸ் என்று இருக்கும். பெயர்தான் ஊசியிலைக் குடும்பம், இலை அகலமானது. எதிரெதிராக அமைந்த தடித்த இலையில் நடுநரம்பு இருக்காது. மெல்லிய இணை நரம்புகள் மட்டும் ஓடும். பசுமைமாறாக் காட்டில் அதைப் பூக்கும் மரம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் அதிகம். இந்த மலைகளில் அரிதான மரம் என்பதால் அதில் துளை போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கவிகை, அதாவது கிளையும் இலையும் சேர்ந்த மேல்முடியின் மதிப்பீடும் சுற்றளவும் போதும்.

மற்றவை நட்டவை. பைனஸ் பட்டுலா மெக்சிகோவிலிருந்து வந்தது. கரீபியப் பைன், வடகிழக்கு இந்தியாவின் காசிப் பைன், இமயமலையின் சிர் பைன் ஆகியவையும் தென்னிந்தியத் தோட்டங்களில் நடப்பட்டவையே. பட்டுலாவை அடையாளம் காண மூன்று குறிகள் போதும்: பெரும்பாலும் ஒரு கற்றைக்கு மூன்று ஊசிகள், 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளம், தலைமுடி போலத் தொங்கும்; மேல்மரப் பட்டை செம்மஞ்சளாய்த் தாள்போல உரியும்; காய்கள் கொத்துக் கொத்தாகக் கிளையிலேயே பல ஆண்டு மூடிக் கிடக்கும். செதில்போன்ற சிறு இலைகள் இருந்தால் அது சைப்ரஸ். இனம் தெரியாமல் எடுத்த அளவுகளை வேறு எந்த நாட்டு ஆய்வோடும் ஒப்பிட முடியாது. அதனால் ஒவ்வொரு தோப்பிலிருந்தும் காயோடு கூடிய ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"பைன் மரங்களின் ஆரோக்கியம்" என்பது ஒரு தலைப்பு. அதை அப்படியே வைத்துக்கொண்டு களத்துக்குப் போனால் எதை அளப்பது என்றே தெரியாது. இந்த நிலத்தில் கேட்கத் தகுந்த கேள்வியை நிலமே தருகிறது. மூணாறின் மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகின்றன. மறையூர், காந்தளூர், வட்டவடைப் பக்கம் மழைமறைவு. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழைக்குத்தான் கனம். சில பத்து கிலோமீட்டருக்குள் மழைக்காலமே மாறுகிறது. ஆகவே கேள்வி இப்படி அமையலாம்: ஒரே இனம், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம், மழைமுகச் சரிவின் மரங்களைவிட மழைமறைவுச் சரிவின் மரங்கள் கோடையில் கூடுதல் நீர்நெருக்கடிக்கு ஆளாகின்றனவா? ஆளானால் வளர்ச்சி எவ்வளவு குறைகிறது?

முழுச் சுற்று அளவெடுப்புக்கு ஆண்டில் நான்கு முறை போதும்: ஜனவரி நடுவில், மார்ச் கடைசியில், ஜூலை கடைசியில், நவம்பர் கடைசியில். மார்ச் சுற்றைத் தவறவிட்டால் அந்த ஆண்டே வீண். முதல் கோடைமழை விழுந்த மூன்றாம் நாளே மரத்தின் நீர்நிலை ஓரளவு தேறிவிடும்.

அனுமதி

பாம்பாடும் சோலை, ஆனைமுடிச் சோலை, குறிஞ்சிமலை, இரவிகுளம், சின்னாறு எல்லாம் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அங்கே ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். வெளியே உள்ள வனத்துறைத் தோட்டங்களுக்கும் துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. விண்ணப்பத்தில் மரத்தில் துளையிடுவது, மண் எடுப்பது, கிளை வெட்டுவது மூன்றையும் எண்ணிக்கையோடு தனித்தனியாக எழுதுங்கள். "மாதிரிகள் சேகரிக்கப்படும்" என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும். பல மாதம் ஆகலாம். மார்ச்சில் வேலை தொடங்க முந்தைய ஆண்டு நடுவிலேயே அனுப்பிவிடுங்கள். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தையோ, கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தையோ சேர்ந்த ஒருவர் வழிகாட்டியாக இருந்தால் ஆய்வகச் சிக்கலும் குறையும்.

வனத்துறைக் காவலரான வாட்சர் இல்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். யானை நடமாட்டம் அவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல்மேட்டிலும் பைன் சருகிலும் தீ ஏறும் வேகம் மனிதன் ஓடும் வேகத்தைவிடக் கூடுதல். 2018 மார்ச்சில் கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணியில் நடந்தது அதுதான். ஒவ்வொரு மனையிலிருந்தும் (அளவெடுக்கக் குறித்துவைக்கும் நிலத்துண்டு) வெளியேற இரண்டு வழிகளை முன்கூட்டியே நடந்து பார்த்து வையுங்கள். இரண்டும் மேட்டை நோக்கிப் போவதாக இருக்கக் கூடாது.

மனை போடுதல்

20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம். சாலை, தேயிலை எல்லை, தீத்தடுப்புக் கோடு ஆகியவற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் உள்ளே. ஓர மரங்களுக்கு வெயிலும் காற்றும் அதிகம், கவிகை வடிவமே வேறு.

சரிவில் டேப்பைத் தரையோடு இழுத்தால் மனை சிறுத்துவிடும். கிடைமட்டத் தூரத்தைச் சரிவுக்கோணத்தின் கோசைனால் வகுக்க வேண்டும். 20 டிகிரிச் சரிவில் 20 மீட்டருக்குத் தரையில் 21.3 மீட்டர், 30 டிகிரியில் 23.1 மீட்டர். இந்தத் திருத்தத்தை மறந்தால் செங்குத்தான மனைகளில் மரங்கள் குறைவாக நிற்பதுபோல் ஒரு பொய்யான முடிவு கிடைக்கும்.

ஒரு சரிவுக்குக் குறைந்தது மூன்று மனைகள், மனைக்குப் பத்து மரங்கள். இரண்டு சரிவுக்கும் சேர்த்து அறுபது. ஏன் மூன்று மனை என்றால், ஒரே மனையின் முப்பது மரங்களும் ஒரே மண்ணையும் ஒரே காற்றையும் பகிர்ந்துகொள்பவை. அவற்றை முப்பது தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது. ஆய்வேடுகள் திருப்பி அனுப்பப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம் இது. களத்தில் செய்த இந்தத் தவற்றை எந்தப் புள்ளியியலும் பின்னால் சரிசெய்யாது.

மரங்களைக் கண்ணால் "நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது" என்று பார்த்துப் பொறுக்காதீர்கள். மனையிலுள்ள எல்லா மரத்துக்கும் எண் கொடுத்து, மேல்தட்டு மரங்களிலிருந்து மட்டும் சீட்டுக்குலுக்கி எடுங்கள். நிழலில் அமுங்கிய மரத்தின் மெலிந்த கவிகை ஒளிப் பற்றாக்குறையால் வந்தது. அதை வறட்சிக் கணக்கில் சேர்த்தால் எல்லாம் குழம்பும்.

சுற்றளவை மரத்தின் மேட்டுப் பக்கம் நின்று 1.37 மீட்டர் உயரத்தில் எடுங்கள். அந்தக் கோட்டில் சுண்ணாம்போ பெயின்டோ வைத்தால்தான் அடுத்த முறை அதே இடத்தில் டேப் விழும். அலுமினியத் தகட்டை அலுமினிய ஆணியால் அடியுங்கள். ஆணி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு, நுனி சற்றே தாழ்ந்திருக்கட்டும். அழுத்தி அடித்தால் மரம் பருக்கும்போது தகட்டை விழுங்கிவிடும். யானை உரசியும் கடமான் கொம்பு தேய்த்தும் தகடுகள் விழும். ஆகவே மனையின் நடுக்கல்லிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் திசைகாட்டிக் கோணத்தையும் தூரத்தையும் எழுதி வைத்தால், தகடு போனாலும் மரம் போகாது.

கவிகையைப் பார்ப்பது

இந்தத் துறையின் ஆதி அளவு இதுதான். 1980-களில் ஜெர்மனியில் காடுகள் வாடியபோது எழுந்த கவலையிலிருந்து பிறந்ததுதான் 1985-இல் தொடங்கிய, ஐரோப்பியக் காடுகளின் நலத்தைக் கண்காணிக்கும் ஐ.சி.பி. காடுகள் திட்டம். இலையிழப்பை 5 விழுக்காட்டுப் படிகளில் கணித்து ஐந்து வகுப்புகளில் சேர்ப்பது அதன் முறை: 10 வரை இழப்பில்லை, 10-க்கு மேல் 25 வரை இலேசு, 25-க்கு மேல் 60 வரை நடுத்தரம், 60-க்கு மேல் கடுமை, 100 என்றால் செத்த மரம்.

எட்டு மடங்கு பைனாகுலர் வேண்டும். மரத்தின் உயரத்தளவு தூரத்தில் நில்லுங்கள், முடிந்தால் மேட்டுப் பக்கம். குறைந்தது இரண்டு பக்கத்திலிருந்து பாருங்கள். மஞ்சு மூடிய நாளிலும் சூரியனை எதிர்கொண்டும் மதிப்பிட வேண்டாம். இரண்டு பேர் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். வேறுபாடு 10-ஐத் தாண்டினால் அங்கேயே மறுபடி பாருங்கள், ஊருக்கு வந்து சராசரி போடாதீர்கள். பருவத்தின் முதல் நாள் பத்து மரங்களைச் சேர்ந்து பார்த்துக் கண்களை ஒருமைப்படுத்திக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஒப்பிட ஒரு முழு மரம் வேண்டுமே, அது எங்கே? ஐரோப்பியப் படத்தொகுப்பில் இருக்கும் மரம் உங்களுக்கு உதவாது. பட்டுலாவின் தொங்கும் ஊசிகள் நலமாக இருக்கும்போதே கவிகையில் ஒளி ஊடுருவ விடும்; அந்தப் படங்களோடு ஒப்பிட்டால் எல்லா மரமும் நோயாளியாகத் தோன்றும். உங்கள் தோப்புக்கு அருகிலேயே, அதே இனத்தில், நல்ல மண்ணில் நிற்கும் ஐந்தாறு மரங்களைத் தேர்ந்து நான்கு பருவத்திலும் படமெடுத்து வையுங்கள். அதுவே உங்கள் அளவுகோல்.

நிறமாற்றத்தைத் தனிக் கட்டத்தில், எந்த ஊசி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கவிகையின் உட்புறம் பழைய ஊசிகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது பெரும்பாலும் இயல்பான உதிர்வு. புதுத் துளிர் நுனி மட்டும் கருகியிருந்தால், தைமாத உறைபனியா, டிப்ளோடியா போன்ற நுனிக்கருகல் பூஞ்சையா என்று பிரிக்க வேண்டும். பனிக்கருகல் ஒரே இரவில், பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும் மரங்களில் ஒன்றுபோல வரும். பூஞ்சையில் செத்த ஊசியின் அடியிலும் காய்ச் செதிலிலும் லென்ஸ் வைத்தால் கரும்புள்ளிகள் தெரியும். ஊசியின் குறுக்கே செம்பட்டைகள் தெரிந்தால் டோத்திஸ்ட்ரோமா என்னும் ஊசிப் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். மேலிருந்து கீழாகக் காய்ந்து வந்தால் நீர் ஏறும் பாதையில் தடை. ஒரு பக்கம் மட்டும் என்றால் வேர்க்காயமோ இடியோ. மொத்த மரமும் சில வாரத்தில் ஒரே சீராக வெளிறினால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டை சேதமாகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

குளிர்நாடுகளில் கிளையின் ஆண்டுக் கணுக்களை எண்ணி "மூன்று ஆண்டு ஊசி தங்கியிருக்கிறது" என்று சொல்வார்கள். இங்கே அது சரிவராது. பட்டுலா ஓர் ஆண்டிலேயே பலமுறை துளிர்த்துப் பல அடுக்குக் கிளை விடும். கணுவை ஆண்டென்று எண்ணினால் ஊசியின் ஆயுளை இரு மடங்காகச் சொல்லிவிடுவீர்கள். மரத்துக்கு நான்கு கிளைகளில் புதுத் துளிரின் அடியில் வண்ண நைலான் நூலைத் தளர்வாகக் கட்டி, பருவத்துக்கு ஒரு நிறம் என்று தொடர்ந்து வந்தால் உண்மை ஆயுள் கிடைக்கும்.

மரத்துக்குள் நீர் எந்த நிலையில் இருக்கிறது

கண்ணுக்குத் தெரியும் வாட்டம் பிந்தி வருவது. அதற்கு மாதக்கணக்கில் முன்பே நீர்நிலை சொல்லிவிடும். இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் கருவி வாங்கியும் தப்பான எண் எடுப்பது இங்கேதான் மிகுதி.

ஊசியிலை மரத்தில் நீர் டிரக்கீடு என்னும் நுண்குழல்கள் வழியே இழுவிசையில் மேலேறுகிறது. மண் காய்ந்து காற்றும் வறண்டால் இழுவிசை கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் நீர்த்தம்பம் அறுந்து காற்றுக்குமிழி புகும். பைன் அதற்கு முன்பே இலைத்துளைகளை மூடிவிடும் சுபாவம் கொண்டது. மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, உணவு தயாரிப்பு நிற்கும். கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. குழல் அறுந்து சாவதா, பட்டினியால் சாவதா, இரண்டும் சேர்ந்து வலுவிழந்தபின் பட்டைவண்டு முடித்துவைப்பதா என்பது இன்றும் ஆய்வின் மையக் கேள்வி.

இழுவிசையை அளப்பது பிரஷர் சேம்பர். ஊசிக் கற்றை ஒன்றை வெட்டி, வெட்டுமுனை மட்டும் ரப்பர் அடைப்பின் வழியே வெளியே தெரியும்படி கலத்தில் பூட்டி, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஏற்ற வேண்டும். வெட்டுமுனையில் நீர் அரும்பும் கணத்தின் அழுத்தமே, எதிர்க்குறியோடு, மரத்தின் நீரியல் திறன். 10 பார் என்றால் மைனஸ் 1 மெகாபாஸ்கல்.

வேகம் நொடிக்கு 0.02 மெகாபாஸ்கலுக்கு மேல் போக வேண்டாம். அவசரப்பட்டால் எண் கூடுதலாக வரும். பைனில் வேறொரு ஏமாற்றும் உண்டு: நீருக்கு முன்பே பிசின் கசியும். பிசின் பிசுபிசுப்பாக வெட்டின் வெளி விளிம்பில் வரும். நீர் மெல்லிதாக, நடுவிலிருந்து, வேகமாகப் பரவும். வடிதாளால் ஒற்றி எடுத்துக்கொண்டே லென்ஸில் பாருங்கள். பிசினை நீரென்று எண்ணினால் காய்ந்த மரமும் நலமான மரமாகப் பதிவாகும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முகத்தை அடைப்புக்கு நேர் மேலே கொண்டு போகாதீர்கள். ஊசி துப்பாக்கி ரவைபோலத் தெறிக்கும்.

ஒரு நாளில் இரண்டு அளவு தேவை. விடியலுக்கு முன் எடுப்பது, இரவெல்லாம் மரம் மண்ணோடு சமநிலைக்கு வந்தபின் உள்ள எண். நண்பகலில் எடுப்பது நாளின் உச்ச இழுப்பு. விடியல் எண் மைனஸ் 0.5-க்கு மேலே இருந்தால் வேர்மண்டலத்தில் நீர் போதிய அளவு உண்டு எனலாம். மைனஸ் 1-ஐ நெருங்கினால் மண் வற்றுகிறது. பைன்களில் நண்பகல் எண் பெரும்பாலும் மைனஸ் 1.5-க்கும் 2-க்கும் இடையே நின்றுவிடும். மரம் துளைகளை மூடி அதற்குக் கீழே இறங்காமல் காத்துக்கொள்கிறது. ஆகவே நண்பகலில் மட்டும் அளந்தால் ஜனவரியும் மார்ச்சும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது சுருங்கிச் சுருங்கிப் பூச்சியத்தை நெருங்கினால், மரம் நாள் முழுதும் மூடியே கிடக்கிறது என்று பொருள்.

யானைக்காட்டில் அதிகாலை நான்கு மணிக்கு எப்படிப் போவது? போகக் கூடாது. மேற்கு நோக்கிய சரிவில் மனை அமைந்தால் சூரியன் மலைமுகட்டைத் தாண்டி வரத் தாமதமாகும். வெளிச்சம் வந்தபின், வெயில் விழும் முன் கிடைக்கும் நேரத்தில் வாட்சரோடு போய் எடுத்துவிடலாம். கிழக்குச் சரிவு மனைகளை வன முகாமுக்கு அருகே அமைத்துக்கொள்ளுங்கள். எந்த மனையை எந்த நேரம் எடுத்தீர்கள் என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதுங்கள். மஞ்சில் நனைந்த ஊசியைத் துணியால் ஒற்றித் துடைத்தபின் வெட்டுங்கள். வெட்டியதை ஜிப் பையில் போட்டு, உள்ளே ஒரு முறை ஊதி மூடி, இருட்டான ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அளக்கலாம்.

கருவி கிடைக்காவிட்டால் ஒப்பு நீரளவு என்ற எளிய வழி உண்டு. பச்சை எடை, வெட்டுமுனையை நீருக்குள் வைத்து மறுபடி வெட்டி, இருட்டில் 24 மணி நேரம் ஊறவைத்த எடை, 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்திய எடை. பச்சையிலிருந்து உலர்வைக் கழித்து, ஊறியதிலிருந்து உலர்வைக் கழித்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நுட்பம் குறைவுதான், ஆனால் நான்கு பருவத்திலும் ஒரே மாதிரி செய்தால் போக்கு தெரியும்.

பச்சைய ஒளிர்வு மானி வைத்திருப்பவர்கள் ஊசிகளை இடைவெளியின்றிப் பக்கம் பக்கமாக அடுக்கி, 30 நிமிடம் இருட்டுக் கிளிப் போட்டபின் அளக்க வேண்டும். நலமான இலையில் எண் 0.83-ஐ ஒட்டி இருக்கும். உறைபனி விழுந்து வெயில் ஏறிய காலையில் அது சரியும். மாலைக்குள் மீண்டால் தற்காலிகம். மறுநாளும் மீளாவிட்டால்தான் சேதம்.

காற்றும் மண்ணும்

மழைக்கணக்குக்குத் தேயிலை எஸ்டேட் அலுவலகங்களைக் கேளுங்கள். நாள்தோறும் மழை அளந்து பேரேட்டில் எழுதும் வழக்கம் பல எஸ்டேட்டுகளில் உண்டு. உங்கள் மனைக்கு அருகில் அதைவிட நல்ல நீண்ட பதிவு அமையாது. வெப்பம், ஈரப்பதம் இரண்டுக்கும் வெயில் மறைப்போடு கூடிய சிறு பதிவுக்கருவியை ஒவ்வொரு சரிவிலும் வையுங்கள். ஈரப்பத விழுக்காட்டை அப்படியே பயன்படுத்தாமல் ஆவியழுத்தப் பற்றாக்குறையாக (காற்று இன்னும் எவ்வளவு நீராவியை வாங்கும் என்ற அளவு) மாற்றிக்கொள்ள வேண்டும், மரத்தை உலர்த்துவது அதுதான். 24 டிகிரியில் 40 விழுக்காடு ஈரம் என்றால் பற்றாக்குறை ஏறத்தாழ 1.8 கிலோபாஸ்கல். 14 டிகிரியில் 95 விழுக்காடு மஞ்சு என்றால் 0.1-க்கும் கீழே. ஒரே நாளில் ஒரே மலையின் இரு பக்கமும் இப்படி இருக்கலாம்.

மண்ணைத் தொடும் முன் ஊசிச் சருகின் தடிமனை மனைக்கு ஒன்பது இடத்தில் அளங்கள். பிறகு சருகை விலக்கி 0–15, 15–30, 30–60 சென்டிமீட்டர் ஆழங்களில் மண் எடுத்து, ஈர எடை பார்த்து, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். களத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: மண்ணின்மேல் நீர்த்துளி விட்டு எத்தனை நொடியில் உறிஞ்சுகிறது என்று பாருங்கள். 5 நொடிக்கு மேல் உருண்டு நின்றால் மண் நீரை ஒட்டவிடவில்லை. பைன் சருகின் கீழும் தீ பரவிய இடத்திலும் இது அடிக்கடி நடக்கும். மழைமானியில் மழை பதிவாகியும் மரம் வாடுவதற்கு விடை சில நேரம் இந்தத் துளியில் இருக்கும்.

வளையமும் வளர்ச்சியும்

வளையம் எண்ண, மரத்தைத் துளைத்து மெல்லிய கோலாகக் கட்டையை எடுக்கும் 5.15 மில்லிமீட்டர் போரரால் மார்பு உயரத்தில், மரத்துக்கு இரண்டு துளை. துளையை மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் போடாதீர்கள், சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். சாய்ந்து நிற்கும் ஊசியிலை மரம் பள்ளத்துப் பக்கம் அழுத்தக் கட்டை என்னும் தடித்த வளையங்களைக் கட்டும். அந்தப் பக்கம் எடுத்தால் வளர்ச்சி பெருத்துத் தெரியும். மரம் மாறும்போதெல்லாம் போரரை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சையை மரத்துக்கு மரம் நீங்களே கொண்டுபோவீர்கள். சுற்றி முடித்ததும் உடனே திருப்பி எடுங்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று விட்டால் கட்டை இறுகிப் பிடித்துக்கொள்ளும். துளையை எதனாலும் அடைக்க வேண்டாம், பிசினே மூடிக்கொள்ளும்.

எடுத்த கோலைக் காகிதக் குழலில் போடுங்கள். பிளாஸ்டிக் குழலில் போட்டால் மூணாறு ஈரத்தில் ஒரு வாரத்தில் பூசணம். பட்டை எந்த முனை என்று குழலின்மேல் எழுதுங்கள். உலர்ந்தபின் மரச்சட்டத்தில் இழைகள் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டி, 120, 220, 320, 400, 600 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டு தேய்க்க வேண்டும். இழை படுத்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வளையம் மங்கலாகவே இருக்கும்.

எண்ணுவதில்தான் இந்த நிலம் கண்ணாமூச்சி காட்டும். இரண்டு பருவமழைக்கு நடுவே வளர்ச்சி மட்டுப்பட்டு மறுபடி எழுந்தால், ஓராண்டில் இரண்டு வளையம் போலத் தோன்றும். உண்மை வளையத்தில் அடர்கட்டையிலிருந்து அடுத்த வெளிர்கட்டைக்கு மாற்றம் கத்தி வைத்து அறுத்ததுபோல் இருக்கும். பொய் வளையத்தில் இரு புறமும் மெல்ல மங்கும். கடும் வறட்சி ஆண்டில் வளையமே விடுபட்டும் போகலாம். இதற்கு உறுதியான சரிபார்ப்பு வனத்துறையின் தோட்டப் பதிவேடு: நட்ட ஆண்டு அதில் இருக்கும். உங்கள் எண்ணிக்கை அதைத் தாண்டினால் பொய் வளையத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். மார்பு உயரத்தில் எடுப்பதால் மரம் அந்த உயரத்தை எட்ட எடுத்த காலம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதோடு நில்லாமல் மரங்களுக்கிடையே குறுகிய வளையங்களைப் பொருத்திப் பார்த்துக் காலம் குறிக்க வேண்டும்.

வளைய அகலத்தை நேரடியாக ஒப்பிடாதீர்கள். மரம் பருக்கப் பருக்க அதே அளவு கட்டை மெல்லிய வளையமாகப் பரவும். அடிப்பரப்பு வளர்ச்சியாக மாற்றுங்கள்: இந்த ஆண்டு ஆரத்தின் இருமடியிலிருந்து சென்ற ஆண்டு ஆரத்தின் இருமடியைக் கழித்து 3.1416-ஆல் பெருக்குவது. நலமான மரத்தில் இது ஏறும் அல்லது நிலையாக நிற்கும். பல ஆண்டு தொடர்ந்து இறங்கினால் கவிகை பச்சையாக இருந்தாலும் அந்த மரம் நெருக்கடியில்தான் இருக்கிறது.

நடப்பு வளர்ச்சிக்கு எவர்சில்வர் பட்டையும் சுருள்வில்லும் கொண்ட சுற்றளவுப் பட்டி கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெர்னியரால் அளங்கள். முதல் சில மாதம் பட்டி மரத்தில் படிந்து இறுகும் காலம். அந்த எண்களை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழைநாளில் பட்டை ஊறிப் பருத்துக் காட்டும். அளக்கும் நேரம் எப்போதும் காலையாக இருக்கட்டும்.

அடிமரத்தில் என்ன எழுதியிருக்கிறது

தீத்தழும்பு பெரும்பாலும் மேட்டுப் பக்கம் முக்கோணமாக இருக்கும், சருகு அங்கேதான் சேர்கிறது. கருகிய உயரத்தை அளங்கள். கடமானும் முள்ளம்பன்றியும் உரித்த பட்டையில் பல்தடம் தெரியும். வண்டு துளைத்திருந்தால் பட்டைப் பிளவில் மாவுபோன்ற தூளும் பிசின் முடிச்சும் இருக்கும். துளையின் விட்டத்தைப் பதியுங்கள். செத்த மரத்தில் மட்டும் பட்டையைப் பெயர்த்துச் சுரங்கக் கோடுகளைப் படமெடுங்கள், உயிருள்ள மரத்தில் வேண்டாம். கட்டையில் நீலக்கறை தெரிந்தால் பூஞ்சை உள்ளே போயாயிற்று.

பிசின் ஊற்றை அளக்க விரும்பினால் 12 மில்லிமீட்டர் வட்டத் துளைக்கருவியால் (பஞ்ச்) பட்டையை அதன் அடியிலுள்ள கேம்பியம் என்னும் வளர்படலம் வரை எடுத்து, எடைபோட்ட குழாயைப் பொருத்தி 24 மணி நேரம் கழித்து மறுபடி எடை போடுவது முறை. முடிவைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். மிதமான வறட்சியில் வளர்ச்சி நின்று, மிஞ்சிய உணவு பிசினாகப் போவதால் ஊற்று கூடக்கூடும். கடும் வறட்சியில்தான் அது வற்றும். பிசின் அதிகம், ஆகவே மரம் நலம் என்று எழுதிவிட முடியாது.

செயற்கைக்கோள் படம் எதற்கு உதவும்

சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன, 10 மீட்டர் நுட்பத்தில். ஜூன் முதல் நவம்பர் வரை மேகம் மூடியே கிடக்கும் என்பதால் ஜனவரி, மார்ச் படங்களை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். பசுமைக் குறியீட்டை முழுதாக நம்ப வேண்டாம். மேலே பைன் காய்ந்து, கீழே வாட்டில் என்னும் அயல் அகேசியா மரமும் உண்ணிச்செடியும் தழைத்தால் படம் பச்சையாகவே காட்டும். படம் சுட்டும் இடத்துக்கு நடந்து போய்ப் பார்ப்பதுதான் சரி.

காரணம் சொல்லும் கட்டம்

மரநோயியல் அறிஞர் பால் மேனியன் 1981-இல் வகுத்த மூன்றடுக்குக் கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. முதல் அடுக்கு, நெடுங்காலமாக மரத்தை வலுக்குறைய வைத்தவை: நெருக்கமாக நட்டு, இடையிடையே மரங்களை வெட்டிக் குறைக்கும் கலைப்பு வெட்டு செய்யாமல் விட்டது, பாறைமேல் மெல்லிய மண். இரண்டாவது, திடீரென்று தாக்கியவை: ஒரு வறண்ட கோடை, ஓர் உறைபனி இரவு, தீ. மூன்றாவது, வலுவிழந்தபின் வந்து முடித்தவை: வண்டு, வேர்ப்பூஞ்சை. களத்தில் கண்ணுக்குப் படுவது மூன்றாவது மட்டும். அதனால் பழி எப்போதும் வண்டின் மேலேயே விழுகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று கட்டம் போட்டு, எந்த அளவு எந்தக் கட்டத்துக்குச் சான்று என்று எழுதுங்கள். சான்று இல்லாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

புள்ளியியலில் மனையையும் மரத்தையும் தற்செயல் காரணிகளாக வைத்த கலப்பு மாதிரி பொருந்தும். ஆர் மென்பொருளில் செய்யலாம். கவிகை வகுப்பு, விடியல் நீர்நிலை, அடிப்பரப்பு வளர்ச்சி மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும் மரங்களை மட்டும் "நெருக்கடியில் உள்ளவை" என்று அறிவியுங்கள். இரண்டு ஒத்து ஒன்று முரணினால் அதையும் அட்டவணையில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும்.

அயல் மரங்கள்தானே, செத்தால் என்ன என்ற கேள்வி கட்டாயம் வரும். பைன் நின்ற இடங்களில் கணிசமானவை முன்பு புல்மேடு. அவற்றை மெல்ல இயற்கை நிலைக்குத் திருப்ப வேண்டும் என்பதே இன்று கேரளத்தின் கொள்கைப் போக்கும். ஆனால் தோப்பு திட்டமின்றி ஒரே கோடையில் சரிந்தால், திறந்த இடத்தை முதலில் பிடிப்பது வாட்டிலும் உண்ணிச்செடியும். எந்தச் சரிவு முதலில் சரியும் என்று முன்கூட்டிச் சொல்ல இந்த அளவுகள் தேவை. அதனால் ஒவ்வொரு மனையிலும் இரண்டுக்கு இரண்டு மீட்டரில் ஐந்து சிறு கட்டம் போட்டு, கீழே முளைத்து வரும் சோலைக் கன்றுகள், வாட்டில் கன்றுகள், புல் மூடிய பரப்பு மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுங்கள். சோலைக் கன்றுகளின் பெயரை வாட்சர்களிடம் கேட்டு எழுதி, இலையோடு சரிபார்த்துக்கொள்ளலாம்; முதுவர் குடிகளிலிருந்து வரும் வாட்சர்கள் பலர் முளையைப் பார்த்தே மரத்தைச் சொல்வார்கள். அந்தப் பெயர்களையும் உங்கள் தரவு ஏட்டில் தனிப் பத்தியாக வையுங்கள்.

ஆய்வு முடிந்ததும் சுற்றளவுப் பட்டிகளையும் நைலான் நூல்களையும் கழற்றிவிடுங்கள். எண் தகடுகளையும் நடுக்கல்லையும் மட்டும் விட்டுவிட்டு, மனைகளின் வரைபடத்தையும் மரப் பட்டியலையும் ரேஞ்ச் அலுவலகத்தில் அச்சிட்ட தாளாகக் கொடுங்கள். அடுத்து வருகிறவர் அதே அறுபது மரங்களிலிருந்து தொடங்க அது போதும்.